கைக்குத் தெரியாமல் போனது

மைதானத்துப் பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில் சாய்வான கூரையோடு ஓர் அறை உண்டு. புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் கட்டாயம் நெற்றியை இடித்துக்கொள்வார்கள். இரண்டு கட்டில், மெழுகு உருக்கும் தொட்டி, ஐஸ் பெட்டி, சுவரில் தசைகளின் படம், எத்தனை முறை துவைத்தாலும் தைல வாடை போகாத துண்டுகள். பதினெட்டு வருஷமாக அது பிசியோ அக்காவின் ராஜ்யம். பயிற்சி நிலையத்துக்கே தலைவரான மாஸ்டர்கூடக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அக்காவுக்கு வாய் பெரிசு, சிரிப்பு அதைவிடப் பெரிசு. ஆனால் பேர் வாங்கிக் கொடுத்தது கைதான். நொண்டிக்கொண்டு வருகிறவளைக் குப்புறப் படுக்கவைத்து, கெண்டைக்காலில் கட்டை விரலை ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தி, "இங்கதானே?" என்பாள். அங்கேதான் இருக்கும். "எக்ஸ்ரே படம் வர்றதுக்குள்ள என் விரல் சொல்லிடும்" என்று அடிக்கடி சொல்லிக்கொள்வாள். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வம் ஒரே நாளில் போயிற்று.

தட்டான் அந்த நிலையத்து விடுதிக்கு வந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. ஆயிரத்து ஐநூறு மீட்டர் ஓடுகிறவள். நீளமான கைகால், நிற்கும்போதே எங்கேயோ கிளம்பப்போகிற மாதிரி ஒரு படபடப்பு. மாஸ்டர்தான் அந்தப் பேரை வைத்தார். "தட்டான் மாதிரி இருக்கா பாரு, காத்து அடிச்சா போதும், போயிடுவா" என்று அவர் பெருமையாகச் சொன்னது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அவளுக்கும் பிடித்துப்போயிற்று. அதுதான் வினை.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் அப்போது ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். திங்கட்கிழமை காலையில் எல்லோரையும் எடை பார்த்து அதில் எழுதுவார்கள். ஏறியவர்களுக்குச் சிவப்பு மை, இறங்கியவர்களுக்குப் பச்சை. சிவப்பு வாங்கியவர்களை மற்றவர்கள் ஒரு வாரம் ஓட்டித் தள்ளுவார்கள். தட்டானுக்கு எப்போதும் பச்சைதான். முதல் வருஷம் எடை இறங்க இறங்க அவள் ஓடும் நேரமும் இறங்கியது. பதக்கம் வந்தது. மாஸ்டர் மற்ற பெண்களிடம், "அவளப் பாத்துக் கத்துக்குங்க" என்றார். சில பேர் பார்த்துக் கற்றுக்கொள்ளவும் செய்தார்கள்.

நம்மவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: சாப்டியா? அதற்குப் பதிலும் ஒன்றுதான்: சாப்டேன். கேட்டவர் காதில் அந்தப் பதில் விழுவதுகூட இல்லை. அக்காவும் அப்படித்தான் தினமும் கேட்டாள். தட்டானும் தினமும், "சாப்டேன்கா" என்றாள். இரண்டு வருஷம் ஒரு நாள்கூட அந்தப் பதில் மாறவில்லை.

மாறியதெல்லாம் வேறு. இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் இடது முழங்காலுக்குக் கீழ் எலும்பில் மயிரிழை விரிசல். ஆறு வாரம் ஓய்வு. எழுந்து ஓடிய மூன்றாம் மாதம் வலது காலில் இன்னொன்று. வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் மேலே ஒன்று, அதன் மேல் ஒன்று என்று இரண்டு சட்டை போட்டிருப்பாள். கட்டிலில் படுக்கும்போது பாதத்தைப் பிடித்தால் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி சில்லென்று இருக்கும். முதுகில் மெல்லிய பூனைமுடி. "என்னடி இது, குட்டிப் பூனை மாதிரி!" என்று அக்கா தடவிச் சிரித்தாள். தட்டான் உடனே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஒரு நாள் பேச்சுவாக்கில் அக்கா, "மாசா மாசம் ஒழுங்கா வருதா?" என்று கேட்டாள்.

"அது நின்னு எட்டு மாசம் ஆச்சுக்கா. நிம்மதி."

"அடிப்பாவி, கொடுத்து வச்சவ!" என்றாள் அக்கா. இருவரும் சிரித்தார்கள். கடுமையாகப் பயிற்சி செய்கிற பெண்களுக்கு அப்படித்தான் ஆகும் என்று அந்தக் காலத்தில் மாஸ்டரிலிருந்து துணி துவைக்கிறவர்வரை எல்லோரும் சொன்னார்கள். படித்த அக்காவும் அதையேதான் நம்பினாள்.

அது நடந்தது போட்டி நாளில்கூட இல்லை. ஒரு சாதாரணக் காலை. பயிற்சி முடிந்து மைதானத்து ஓரக் குழாயில் முகம் கழுவக் குனிந்த தட்டான் அப்படியே சரிந்தாள். அக்கா ஓடிப்போய் மார்பில் கை வைத்து அமுக்கினாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அமுக்கினாள். கைக்கடியில் விலா எலும்புகள் கூடை வரிச்சு மாதிரி இருந்தன. ஆறு நாள் முன்னால்தான் அந்த உடம்பை நீவிவிட்டிருந்தாள். அப்போது அவை எங்கே இருந்தன என்று அவளுக்குப் புரியவில்லை. குழாயை யாரும் மூடவில்லை. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில், "இதயம் தாங்கல" என்றார்கள்.

மறுநாள் தட்டானின் அம்மா விடுதிக்கு வந்தாள். ஏதோ ஒரு தையல் ஆலையில் காலர் தைக்கிறவள். சட்டை முன்பக்கத்தில் அப்போதும் ஒரு ஊசி குத்தியிருந்தது. மகளின் அலமாரியைத் திறந்ததும் துணிகளுக்குப் பின்னாலிருந்து பொட்டலங்கள் விழுந்தன. காகிதக் கைக்குட்டையில் சுற்றிய ரொட்டித் துண்டுகள், அவித்த முட்டை, காய்ந்துபோன பழத் துண்டுகள். எல்லாம் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டில் வைத்தவை. அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டில்மேல் வரிசையாக வைத்தாள். பிறகு திரும்பி, வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தாள்.

"நீங்கதானேம்மா தினம் அவ உடம்பத் தொட்டது? எங்களுக்குத்தான் தூரம். உங்க கைக்குக்கூடவா தெரியல?"

சத்தம் போடவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி கேட்டாள்.

அதற்குப் பிறகு அக்கா வேலையை விட்டுவிடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். விடவில்லை. ஆனால் கை மாறிப்போயிற்று. கட்டிலில் யார் குப்புறப் படுத்தாலும், எந்தக் காலைப் பிடித்தாலும், முதல் சில நொடிகள் அந்தச் சில்லிட்ட பாதம்தான் உள்ளங்கையில் வந்து உட்காரும். குண்டு எறிகிற தடியனின் கால்கூட முதலில் தட்டானின் காலாகத்தான் இருக்கும். உதறிவிட்டு மறுபடி பிடிப்பாள். மைதானத்தில் யாராவது, "நேத்து உன்ன குழாய்கிட்ட பாத்தேனே" என்று சாதாரணமாகச் சொன்னால் முதுகுத் தண்டில் ஏதோ ஊரும். யாரும் இல்லாத குழாயடியில் ஈரம் இருந்தால் போய் நின்று பார்ப்பாள்.

வீட்டிலும் அது கூடவே வந்தது. லிப்ட் பழுது பார்க்கிற கணவருக்கும், பள்ளிக்கூடம் போகிற மகளுக்கும் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வாள். மகள் ஒரு நாள் கையை வைத்துத் தட்டை மூடிக்கொண்டு, "அம்மா, நீ என்னப் பாக்கறதே இல்ல. தட்டத்தான் பாக்குற" என்றாள். கணவர் சூழலை இலகுவாக்க, "என் தட்டையும் கொஞ்சம் பாரேன், காலியாத்தான் இருக்கு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். அவரைப் போய்ப் பார்த்து அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டாள். உடம்புக்குள் போவது குறைந்தால் உடம்பு முதலில் எதை நிறுத்தும், எலும்பு ஏன் விரிசல் விடும், பூனைமுடி ஏன் வளரும். "உடம்பு குளிரத் தாங்கறதுக்குத் தானே போத்திக்கிற போர்வைம்மா அது" என்றார் டாக்டர். அக்கா வெளியே வந்து ஆஸ்பத்திரி மதிலோரம் உட்கார்ந்து அழுதாள். அந்தப் போர்வையைத் தடவித்தான் குட்டிப் பூனை என்று சிரித்திருக்கிறாள்.

பலகையை எடுக்கச் சொல்லி மாஸ்டரிடம் மூன்று முறை போனாள். "அது வெறும் நம்பர்மா. நம்பர் யாரையும் கொல்லாது" என்றார் அவர், மேஜையைப் பார்த்துக்கொண்டே. தட்டானின் பேரை அவர் அதன் பிறகு வாயில் எடுத்ததே இல்லை.

நாலு வருஷம் போயிற்று. அந்த வருஷம் வந்த ஓட்டக்காரிகளில் ஒருத்தி மெலிந்து நீண்டு, பார்த்தால் தட்டானின் தங்கை என்பார்கள். விடுதியில் அவளுக்கு ஊசி என்று பேர். அவளைப் பார்த்த அன்றே அக்கா தனக்குள் சொல்லிக்கொண்டாள்: பேய் திரும்பி வந்தால் இப்படித்தான் வரும்.

விடுவாளா? சாப்பாட்டுக் கூடத்தில் ஊசிக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். கை கழுவப் போனால் பின்னாலேயே போனாள். கழிப்பறை வாசலில் நின்றாள். ஒரு நாள் அலமாரியைத் திறக்கச் சொன்னாள். உள்ளே பிஸ்கட் உறைகள்தான் இருந்தன, அத்தனையும் தின்று முடித்தவை. ஊசி அழுதுகொண்டே வீட்டுக்குப் போன் செய்தாள். அவள் அப்பா அக்காவைக் கூப்பிட்டு, "எங்க வீட்ல எல்லாருமே இப்படித்தாம்மா. நானும் ஒட்டடக் குச்சிதான். பொண்ண ஏன் திருடி மாதிரி துரத்துறீங்க?" என்றார். ரத்தப் பரிசோதனை, எலும்புப் பரிசோதனை எல்லாம் சுத்தம். அதன் பிறகு ஊசி கால் சுளுக்கினால்கூட அந்தச் சாய்கூரை அறைப் பக்கம் வருவதில்லை. போகிறவர்கள் வருகிறவர்கள், "அக்காவுக்குக் கொஞ்சம் இதுவாயிடுச்சு" என்று நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றிக் காட்டினார்கள்.

இந்தக் கூத்தை எல்லாம் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்துச் சிரித்தவள் தூண்.

தூண் ஜூடோ ஆடுகிறவள். இருபது வயது. அகன்ற தோள், உருண்ட முகம், நின்றால் நகர்த்த நாலு பேர் வேண்டும். விடுதியிலேயே நன்றாகச் சாப்பிடுகிறவள் என்று பேர். "தூண் சாப்டறதப் பாத்தா நமக்குப் பசி எடுக்கும்" என்பார்கள். மற்றவர்கள் மிச்சம் வைத்த ரொட்டியைக்கூட எடுத்துக்கொள்வாள். அக்காவைப் பார்த்தால் வம்புக்கு இழுப்பாள்: "என் தட்டப் பாக்க வர்றதில்லயேக்கா? நான்னா இளக்காரமா?" அக்காவும் அவளைக் கண்டால் கொஞ்சம் சிரிப்பாள். இந்த ஒருத்தியைப் பற்றியாவது கவலை இல்லை என்று நினைப்பாள்.

ஜூடோக்காரர்கள் பிடி தவறாமல் இருக்க விரல்களுக்கு டேப் சுற்றிக்கொள்வார்கள். எல்லோரும் அக்காவிடம் வருவார்கள். தூண் மட்டும், "உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்" என்று தானே சுற்றிக்கொள்வாள். நல்ல பிள்ளை என்று அக்கா நினைத்தாள்.

தேர்வுப் போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தபோது, காலைப் பயிற்சியில் ஜூடோ பாயில் தூணின் வலது நடுவிரல் பிசகியது. இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு அக்கா கட்டிலில் உட்காரவைத்து, "டேப்ப வெட்டணும், கையக் கொடு" என்றாள்.

"அப்படியே இழுத்து விடுங்கக்கா."

"வீங்கி இருக்குடி. கொடு."

தூண் கொடுக்கவில்லை. விரல் பிசகிய வலியில்கூடக் கையை மார்போடு வைத்துக்கொண்டாள். அக்கா மெல்லப் பிடித்து இழுத்து, கத்தரியை உள்ளே விட்டு வெட்டினாள். டேப் உரிந்து வந்தது. விரல்கள் கையோடு சேருகிற முட்டிகளின்மேல் தடித்த தழும்புகள். ஒன்று பழையது, வெளுத்தது. ஒன்று நேற்றையது போலச் சிவந்து ஈரமாக இருந்தது. அக்கா விரலை நேராக்கினாள், 'டக்' என்றது. ஐஸ் வைத்தாள். பிறகு இடது கையை எடுத்து அதன் டேப்பையும் வெட்டினாள். இடது கை மழமழவென்று இருந்தது.

"பாயில உரசினது" என்றாள் தூண்.

"பாயில உரசினா ரெண்டு கையிலயும் இருக்கணும்லம்மா."

அக்கா அவள் முகத்தை அப்போதுதான் பார்த்தாள், தட்டை விட்டுவிட்டு. காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் லேசான வீக்கம். கொழுகொழுவென்று இருக்கிறாள் என்று எல்லோரும் கிள்ளுகிற கன்னம் அது. கண்ணுக்குள் சிவப்புப் புள்ளிகள். முன்பல்லின் ஓரம் கரைந்து கண்ணாடி மாதிரி இருந்தது. தின்றதை வாந்தி எடுக்க விரலைத் தொண்டைக்குள் விடும்போதெல்லாம் அந்தப் பல்லில் பட்டுப் பட்டுத்தான் முட்டி தழும்பேறியிருக்கிறது. டாக்டர் சொல்லித் தந்த பட்டியலில் இதெல்லாம் இருந்தது. அக்காதான் அதை ஒல்லியானவர்களிடம் மட்டும் தேடியிருக்கிறாள்.

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். உரக்கக் கத்த வேண்டும்போல இருந்தது, 'ஏண்டி இப்படிப் பண்ற' என்று. ஊசியைத் துரத்தியது ஞாபகம் வந்தது. தரையில், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நாளா?"

"எதுக்குக்கா கேக்கறீங்க?"

"திட்டறதுக்கு இல்ல."

ஐஸ் உருகித் தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டியது. வெளியே யாரோ விசில் ஊதினார்கள்.

"மூணு வருஷம்" என்றாள் தூண். "எடைப் பிரிவுக்குள்ள வரணும்ல. மொதல்ல போட்டிக்கு முன்னாடி மட்டும். அப்புறம் போட்டி இல்லாதப்பவும். அப்புறம்... நானா நிறுத்த முடியலக்கா." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நீங்க அந்த ஊசியவே பாத்துக்கிட்டிருந்தீங்க. எனக்கு நல்லதாப் போச்சுன்னுதான் இருந்துச்சு. சில நாள் மட்டும், இங்க திரும்ப மாட்டாங்களான்னு இருக்கும்."

செத்தவளைத் தேடிக்கொண்டு அக்கா உயிரோடு இருக்கிறவளைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறாள்.

"நெஞ்சு படபடக்குதா? எப்பவாச்சும் துடிப்பு விட்டுப்போன மாதிரி இருக்கா?"

"படி ஏறினா. நேத்து பாயிலயே ஒரு தடவ கண்ணு இருட்டுச்சு." பிறகு அவசரமாக, "மாஸ்டர்கிட்ட சொல்லாதீங்கக்கா. ஒம்பது நாள்தான். அப்புறம் நீங்க சொல்றதெல்லாம் கேக்கறேன். சத்தியமா."

"பொய் சொல்ல மாட்டேன் உன்கிட்ட. சொல்லாம இருக்கறேன்னு வாக்குக் கொடுக்க என்னால முடியாது. ஆனா நீ இல்லாத இடத்துல உன்னப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டேன். வா, ரெண்டு பேரும் சேந்தே போவோம். இன்னைக்கே. விரலுக்குப் படம் எடுக்கணும்ல, எப்படியும் ஆஸ்பத்திரி போகத்தானே போறோம்."

தூண் உருகுகிற ஐஸை எடுத்துக் கீழே வைத்தாள். அப்புறம் இடது கையால் அக்காவின் தோளைப் பிடித்து எழுந்தாள்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் விரலை மறந்துவிட்டார். உப்புச் சத்து ஒன்று அபாயகரமாக இறங்கியிருக்கிறது, இதயம் தாளம் தப்புகிறது என்றார். அன்று மத்தியானமே படுக்கையில் சேர்த்து, மார்பில் கம்பிகளை ஒட்டினார்கள். பச்சைத் திரையில் துடிப்பு ஓடுவதை அக்கா நின்றபடியே பார்த்தாள். ஒவ்வொரு முறை அது கொஞ்சம் தயங்கும்போதும் அவள் கைகள் தாமாக மடங்கின, அமுக்கத் தயாராக.

மாஸ்டர் சாயங்காலம் வந்தார். வரும்போது கோபமாகத்தான் வந்தார்; தேர்வுப் போட்டி போச்சே என்று. கண்ணாடிக் கதவு வழியாகத் தூணைப் பார்த்தார். பெரிய உடம்பு, வெள்ளைப் போர்வை, கம்பிகள். "இவளா?" என்றார். "இவளுக்கா? நல்லாச் சாப்டுவாளே." பிறகு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வேர்த்ததாகத் தெரியவில்லை.

பலகை அந்த வாரம் காணாமல் போயிற்று. யார் கழற்றினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. எடை பார்ப்பது இப்போதும் உண்டு, ஆனால் மூடிய அறையில், டாக்டர் சொன்னவர்களுக்கு மட்டும்.

தூண் பிழைத்தாள் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்; ஆனால் அது அத்தனை சுலபமாக நடக்கவில்லை. மனநல மருத்துவரிடம் வாரா வாரம் போனாள். நின்றது, மறுபடி தொடங்கியது, மறுபடி நின்றது. முதல் ஒரு வருஷம் அக்காவோடு பேசவே இல்லை. "என் வாழ்க்கையக் கெடுத்தது அவங்கதான்" என்று தோழிகளிடம் சொன்னது அக்கா காதுக்கு வந்தது. "உயிரோட இருந்து திட்டுறாளே, திட்டட்டும்" என்றாள் அக்கா.

அக்கா செய்த இன்னொரு காரியம் வீட்டாருக்குக்கூட அப்புறம்தான் தெரியும். பேருந்து பிடித்து மூன்று மணி நேரம் போய்த் தட்டானின் அம்மாவைப் பார்த்தாள். ஊசியிடமும் அவள் அப்பாவிடமும் மன்னிப்புக் கேட்டாயிற்று. இவளிடம் என்ன கேட்பது என்று தெரியாமலே போனாள். சின்ன அறை, ஜன்னலோரம் தையல் இயந்திரம், சுவரில் தட்டானின் படம் ஒன்றுகூட இல்லை. தூணைப் பற்றி அக்கா சொல்லி முடிக்கும்வரை அம்மா துணியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள் கடைசியில்.

அக்காவுக்குப் புரியவில்லை.

"லீவுக்கு வந்தப்ப குளிச்சிட்டு துண்டோட வந்தா. முதுகெலும்ப எண்ணலாம். கேட்டா அழுவா, டீம்ல இருந்து அனுப்பிச்சிட்டா என்ன பண்றதுன்னு பயம். அவளுக்கும் பயம், எனக்கும் பயம். வாயத் தொறக்கல. அன்னைக்கு உங்களக் கேட்டேன் பாருங்க, அது என்னக் கேக்க வேண்டியது."

வெளியே தெருவில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். கிளம்பும்போது அம்மா பேருந்து நிறுத்தம்வரை கூடவே வந்தாள். மன்னித்தேன் என்று இருவரில் யாரும் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அக்காவுக்குப் பாரம் குறைந்த மாதிரி இல்லை. இன்னொருத்தியும் அதைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் தெரிந்தது.

இப்போது தூணுக்கு இருபத்து நாலு. போட்டிகளுக்குப் போவதில்லை. ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வை வேலை. சனிக்கிழமைகளில் வந்து சின்னப் பிள்ளைகளுக்கு ஜூடோ சொல்லித் தருகிறாள். அக்காவைக் கண்டால் தலையை ஆட்டுவாள். சில நாள் நின்று பேசுவாள், சில நாள் பேசாமல் போவாள்.

போன வாரம் சைக்கிள் பந்தயக்காரன் ஒருவன் முதுகு பிடித்துக்கொண்டது என்று வந்து படுத்தான். பாறை மாதிரி தொடை. கழற்றி வைத்தது இரண்டு சட்டை. அக்கா ஒன்றும் அவசரப்படவில்லை. முதுகை நீவிக்கொண்டே, காலையிலிருந்து என்னென்ன செய்தான், எப்போது எழுந்தான், யாரோடு சாப்பிட்டான் என்று கதை கேட்டாள். மூன்றாவது கேள்வியில் அவன் விழித்துக்கொண்டான்.

"எதுக்குக்கா இதெல்லாம்? அது பொண்ணுங்களுக்கு வர்றதுதானே?" என்று சிரித்தான்.

"யாரு சொன்னா?" என்றாள் அக்கா. கையை எடுக்கவில்லை.

அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டான். கதவுவரை போனான். அங்கே நின்றுகொண்டு, திரும்பாமல், "நீங்க எத்தன மணிவரைக்கும் இருப்பீங்க?" என்று கேட்டான்.